கானாவில் இருந்து திரும்பிய தம்பிக்குக் காய்ச்சல்: மலேரியாவாக இருக்குமா?

உசிலம்பட்டி மீனா:
என் தம்பி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு கானாவுக்கு வேலைக்குப் போனவன். போன வாரம்தான் ஊருக்கு வந்தான். முந்தாநாள் சாயங்காலம் நடுக்கிக் காய்ச்சல் தொடங்கியது. பக்கத்து கிளினிக்கில் டெங்கு இல்லை என்றார்கள். தட்டணுக்கள் மட்டும் குறைந்திருக்கின்றன. வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே கூட வேலை பார்த்தவர்களுக்கு மலேரியா வந்ததாகத் தம்பி சொல்கிறான். விமான நிலையத்தில் இதற்கெல்லாம் பரிசோதனை கிடையாதா? வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தொற்றுமா?

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், மதுரை:
அம்மா, இதைப் படித்த கையோடு தம்பியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். சீட்டுப் போடும் இடத்திலேயே "கானாவில் இருந்து வந்தவன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா வகை. சிகிச்சை தாமதித்தால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளையே கொண்டுபோய்விடும். தட்டணுக்கள் மலேரியாவிலும் குறையும். அதைப் பார்த்து டெங்கு என்று நினைப்பவர்கள் நிறைய.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். கண்ணாடித் தகட்டில் கெட்டியாக ஒரு தடவல், மெல்லியதாக ஒரு தடவல். சாயம் ஏற்றி உருப்பெருக்கியில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல வளையம், அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அதுதான் கிருமி. நாள் சென்ற நோயாளியிடம் பிறை வடிவத்திலும் தெரியும். முதல் தடவலில் தெரியாவிட்டால் மறுநாளும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

தொட்டாலோ கூடச் சாப்பிட்டாலோ குழந்தைகளுக்கு வராது. அந்தப் பிறைகளைக் குடித்த அனாபிலிஸ் கொசு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால்தான் வரும். அந்தக் கொசு நம் ஊர்க் கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் வளர்கிறது. ஆகவே தம்பி கொசுவலைக்குள் படுக்கட்டும், தொட்டியை மூடுங்கள். பிறைகளை அழிக்கவே சிகிச்சையோடு பிரைமாகுயின் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள்.

விமான நிலையத்தில் கேட்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைத்தான். மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருக்கும் நாட்களில் காய்ச்சலே இருக்காது. வாசலில் நிறுத்தி வெப்பம் பார்த்தாலும் பிடிபடாது. காய்ச்சலோடு வருபவரிடம் "வெளியூர், வெளிநாடு போனீர்களா?" என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். அந்த ஒரு கேள்விதான் நமக்குள்ள காவல். அதை ஏன் கேட்காமல் விடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

கொழும்பில் இருந்த மேலூர்க்காரன்:
ஐயா சொல்வதற்கு இலங்கையே சாட்சி. 1963-இல் அங்கே மலேரியா வெறும் 17 பேருக்குத்தான். ஒழிந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு பாடுபட்டு 2012-க்குப் பின் உள்ளூரில் தொற்றே இல்லாமல் செய்து, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றார்கள். அப்படியும் 2018-இல் இந்தியாவில் இருந்து போன தொழிலாளி ஒருவரிடம் இருந்து உள்ளூர் கொசு வழியாக ஒருவருக்குப் பரவியது. உடனே கண்டுபிடித்து மேலும் பரவாமல் நிறுத்திவிட்டார்கள். நோயுள்ள நாடுகளில் இருந்து வருபவர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுப்பது அங்கே வழக்கம்.

உசிலம்பட்டி மீனா:
ஃபால்சிபாரம்தான் ஐயா. இரவே சேர்த்துவிட்டோம், ஊசி மருந்து ஏறுகிறது. தெளிவாகப் பேசுகிறான். சுகாதாரத் துறையில் இருந்து வந்து எங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ரத்தம் எடுத்தார்கள், கிணற்றையும் பார்த்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் அதே வேலைக்குக் கிளம்ப இருக்கிறான். அவனுக்கு முன்கூட்டியே மாத்திரை உண்டா?

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், மதுரை:
நல்ல செய்தி, அம்மா. உண்டு. நீண்ட நாள் தங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின், குறுகிய காலத்துக்குத் தினமும் டாக்சிசைக்ளின். வலிப்போ மனநலக் கோளாறோ இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். விமானம் ஏறிய அன்றே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். மெஃப்ளோகுயினைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்த உடனேயே பையனை மருத்துவரிடம் அனுப்புங்கள்.