புதுப்பிப்பு: பெர்லின் வேலையும் 60,000 யூரோ சம்பளமும்

பெர்லினில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்தில் கிடைத்த மென்பொருள் உருவாக்குநர் வேலையை ஏற்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏற்றுக்கொண்டேன், 2025-இன் முதல் சம்பளச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. மாதம் 5,000 யூரோவில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் 9.3 விழுக்காடு, அதாவது 465 யூரோ, பிடித்திருக்கிறார்கள். அதே அளவு தொகையை நிறுவனமும் தன் பங்காகக் கட்டுகிறது. மருத்துவம், வேலையின்மை, முதியோர் பராமரிப்பு ஆகிய காப்பீடுகளும் வருமான வரியும் கழிந்தபின், மணமாகாதவர்களுக்குரிய முதலாம் வரி வகுப்பில் எஞ்சுவது 3,100 யூரோவைச் சற்றே தாண்டும். விசா குறித்து நான் பட்ட கவலைதான் வீண்: நீல அட்டைக்கு (தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியக் குடியிருப்பு அனுமதி) தகவல் தொழில்நுட்பப் பணியில் 2025-இல் வேண்டியிருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோதான்.

பேரம் பேசியிருக்கலாமே என்று சிலர் எழுதியிருந்தீர்கள்; பேசினேன், பலிக்கவில்லை. ஜெர்மன் மொழி தெரியாதவனுக்கு வேறு அழைப்புகளும் வரவில்லை என்பதால் மேலும் வற்புறுத்தத் துணியவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்பு தந்து எவரும் விலகலாம், விலக்கலாம். இப்போதைய தலைவலி வீடு: பார்க்கப் போன இடமெல்லாம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்கிறார்கள், என்னிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று.