மறு: ‘ஹேண்ட்ஸ்-ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ – தமிழில் என்ன?

> கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு மாதிரித் தன்விவரக் குறிப்பு தயாரிக்கிறேன். ஆய்வக வேலைக்கு விண்ணப்பிப்போருக்கான பகுதியில் இந்தத் தலைப்புக்குச் ‘செய்முறை அனுபவம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

அன்பு நண்பருக்கு,

‘தன்விவரக் குறிப்பு’ ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும். ‘செய்முறை அனுபவம்’தான் இடிக்கிறது. செய்முறை என்றதும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வும் ரெக்கார்டு நோட்டும்தான் கண்முன் வரும். (எங்கள் பக்கம் கல்யாண வீட்டு மொய்க்கும் அதுதான் பெயர்!)

காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல்), சென்னை சி.எல்.ஆர்.ஐ. (தோல் ஆராய்ச்சி) போன்ற மத்திய அரசு ஆய்வகங்கள் புராஜெக்ட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கட்டாயத் தகுதிக்குக் கீழே ‘விரும்பத்தக்க தகுதி’ என்று ஒரு வரி வரும். நாம் தேடும் சொல் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். இந்தக் கருவியை உன் கையால் ஓட்டியிருக்கிறாயா என்பதே அங்கே கேள்வி. பையன்களோ ‘எச்.பி.எல்.சி. தெரியும்’ (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) என்று எழுதிவிடுகிறார்கள். என்ன கரைப்பான் கலவை, நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஓட்டினாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. துறைக்கே ஒரு கருவி. அதையும் ஆய்வக உதவியாளர் ஓட்டுவார், வகுப்பே சுற்றி நின்று பார்க்கும். பார்த்ததையும் செய்ததையும் ஒரே கூடையில் போடும் தலைப்பு அவர்களுக்கு உதவாது.

‘நேரடி அனுபவம்’ என்றாலும் இதே கதிதான். நேரில் பார்த்தவனுக்கும் நேரடி அனுபவம் உண்டே!

என் முன்மொழிவு: கைப்பழக்கம். ஔவையார் வாக்கே இருக்கிறது, ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று.

– மதுரையிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

ஔவையை மறுக்கத் துணிவில்லை. ஆனால் லாட்ஜில் அறை எடுத்து ‘மாதம் ஒருமுறை ஆலோசனை’ தரும் வைத்தியர்களின் விளம்பரங்களை நீங்கள் வாசிப்பதில்லைப் போலும். அந்தச் சொல்லை அவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். தலைப்பில் அதைப் போட்டுப் பெண் பிள்ளைகளிடம் நீட்ட என்னால் ஆகாது.

‘கைப்பட’ என்றால் என்ன? கைப்பட எழுதிய உயில் என்கிறோமே, வேறு யாரும் எழுதித் தரவில்லை என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. தலைப்பு: கைப்படச் செய்தவை. ‘அனுபவம்’ என்ற சொல்லே வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டால், கீழே எழுதுபவர் என்ன செய்தார் என்று சொல்லியே ஆக வேண்டும். ‘மூலக்கூறு உயிரியல் நுட்பங்களில் நல்ல அறிவு’ என்று எழுதித் தப்ப முடியாது. இப்படி வரும் (பி.சி.ஆர். முறையில் பெருக்கிய டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை இது):

அகரோஸ் ஜெல் எலக்ட்ரோபோரேசிஸ் – 1 சதவீத ஜெல் வார்த்து, பி.சி.ஆர். விளைபொருளை ஓட்டிப் படமெடுத்தது. எம்.எஸ்சி. இரண்டாம் பருவம்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருபவர்கள்கூட, நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அங்கே செய்த வேலையை அரை வரியில் முடிக்கிறார்கள்.

– கோவையிலிருந்து

---

வணக்கம். ‘கைப்பட’ எங்களுக்கும் நன்றாகவே விளங்கும். ஆனால் தலைப்புக்குக் கீழே வருகிற சொற்களில் சிக்கல் இருக்கிறது. நீங்கள் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) என்பதை நாங்கள் நியமிப்பு என்றே படித்தோம். பிப்பெட் எங்களுக்குக் குழாயி, பியூரெட் அளவி. ஆய்வகம்கூட ஆய்வுகூடம்தான். மாதிரியில் இரண்டு வழக்கையும் காட்டினால் இங்குள்ள பிள்ளைகளுக்கும் உதவும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

---

அனைவருக்கும் நன்றி. விளம்பர விஷயம் உண்மையிலேயே என் நினைவில் இல்லை, சிரித்துவிட்டேன். கைப்பழக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

கோவை அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். ‘கைப்படச் செய்தவை’க்குக் கீழே ‘உடனிருந்து செய்தவை’ என்று இன்னொரு தலைப்பு. ஆசிரியரோ சீனியரோ பக்கத்தில் நிற்க, மாதிரியைத் தயாரித்துக் கொடுத்தது, அளவீட்டைக் குறித்தது எல்லாம் அங்கே போகட்டும். இரண்டாமாண்டு மாணவருக்கு அதுவே பெரிய விஷயம், மறைக்க வேண்டியதில்லை. வெறுமனே பார்த்ததற்கு இடமே வேண்டாம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன இரட்டை வழக்கை மாதிரியின் கடைசியில் அட்டவணையாகப் போடலாம். எச்.பி.எல்.சி., பி.சி.ஆர். போன்றவை ஒலிபெயர்ப்பிலேயே இருக்கட்டும். நேர்காணலில் யாரும் அவற்றைத் தமிழாக்கிக் கேட்கப் போவதில்லை.

‘ரெஃபரன்ஸ்’ பகுதிக்குப் ‘பரிந்துரையாளர்’ போதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

– மதுரையிலிருந்து