முதல் சீசன் வந்துவிட்டது: இனி ஜூன் வரை ஊட்டி சேரிங் கிராஸைக் கடக்க முடியாது

காந்தல்வாசி
உறைபனி விலகி ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துவிட்டன. சமவெளிக்காரர்கள் படம் எடுத்துப் போட இது போதும். ஊட்டிக்குள் குடியிருப்பவனுக்கு இது மூக்கைப் பொத்திக்கொள்ளும் காலம். மழை ஓய்ந்த நாளிலிருந்து குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலர்க் கண்காட்சி நெருங்குகிறது என்றதும் எல்லாத் துறைகளுக்கும் ஒரே சமயத்தில் ஞானம் பிறக்கிறது. குழாய்க்குத் தோண்டுகிறவர் ஒரு வாரம், கேபிளுக்குத் தோண்டுகிறவர் மறு வாரம், கடைசியில் தார் ஊற்றுகிறவர். அந்தப் புழுதியில்தான் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்கு நடந்து போகிறார்கள்.

அடுத்தது வண்டிகள். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ மேரக்காய் வாங்கிக்கொண்டு வேளைக்கு வீடு திரும்ப முடிவதில்லை. சேரிங் கிராஸில் நட்டநடுச் சாலையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "பூங்காவுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். மடியில் கிடக்கும் கைபேசி அதே வழியைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை ஊட்டிக்கு வைத்த வரம்பு, வார நாட்களில் தினம் 6,000 வண்டிகள், வார இறுதியில் தினம் 8,000. அதில் பாதி போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

ஸ்டாண்டுக்காரன்
காந்தல் அண்ணனுக்கு ஒன்றாம் தேதியானால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழும் போலிருக்கிறது. டாக்சி ஓட்டுகிற எனக்கு விழாது. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி, வெளியூர் வண்டிகள் மலையேற வாங்க வேண்டிய இ-பாஸை எதிர்த்து மாவட்டம் முழுக்கக் கடையடைத்தார்களே, பொழுது போகாமலா அடைத்தார்கள்? வர்க்கிக் கடை, சாக்லேட் கடை, தைலக் கடை, குதிரை ஓட்டுகிற பையன், அறை பெருக்குகிற அம்மா என்று எல்லோருக்கும் ஏப்ரலும் மேயும்தான் அறுவடை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நான் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்சூரன்ஸ், வண்டியின் தகுதிச் சான்று (எஃப்.சி.), பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இந்த இரண்டு மாத ஓட்டத்தில் வர வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு நாள் உபயம். ஏறக்குறைய ஒரு மாதம் மார்க்கெட் பக்கம் ஊர்வலம் போகிறது. அப்போதும் போக்குவரத்து நிற்கிறது. அதைப் பற்றி ஏன் ஒரு வரி இல்லை?

காந்தல்வாசி
அது எங்கள் ஊர்த் தேர், தம்பி. எந்த நேரம் எந்தத் தெருவில் வரும் என்று முன்கூட்டியே தெரியும். நடுச்சாலையில் நின்று வழி கேட்காது.

கோவைக்காரி
படிக்கப் படிக்க வருத்தமாக இருக்கிறது. மலை தமிழ்நாட்டுக்குப் பொதுவா, காந்தலுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? ஏப்ரலில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டது என்று நீங்கள் அலறினீர்கள். எங்களுக்கு 29 டிகிரி என்பது மார்கழி.

நாங்கள் இலவசமாகவும் வருவதில்லை. இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும், கல்லாறில் வரிசையில் நின்று காட்ட வேண்டும், தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிளாஸ்டிக் தடை சரியானதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாட்டிலுக்குப் பதிலாக வைத்திருக்கும் தண்ணீர் இயந்திரத்தில் காசு போட்டால் காசு மட்டும் உள்ளே போகிறது. தாகத்தோடு மேலே வந்தால், ஜூலையில் கேட்ட வாடகையைப்போல மூன்று மடங்கை அதே அறைக்குக் கேட்கிறார்கள். அதையும் கொடுத்துவிட்டு, தொல்லை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

குன்னூர்த்_தோட்டம்
கோவைத் தங்கைக்கு ஒரு சொல். நீங்கள் வருவதில் எனக்கு எரிச்சல் இல்லை. நீங்கள் விட்டுப்போவதில்தான். பர்லியாறில் குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். மறுநாள் அது எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்க்கிறது. விடுதிகளின் எச்சில் உணவு குப்பைத் தொட்டி கொள்ளாமல் வழிகிறது, அதைத் தேடிக் காட்டுப்பன்றி வருகிறது, கரடி வருகிறது. கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி கடைக் கதவையே உடைக்கும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான், அதற்கு வழிவிட்டு நடக்கத் தெரியும். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவரை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

சீசனில் ஒருவழிப் பாதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். ஊட்டிக்கு வருகிறவருக்கு இது வசதி. குன்னூரில் இருக்கிற நான் காரில் கீழே போக வேண்டுமென்றால் கட்டபெட்டு, கோத்தகிரி, குஞ்சப்பனை என்று சுற்ற வேண்டும். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆனாலும் ஏற்கெனவே கோவையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் வயதானவர்கள் வாரா வாரம் இறங்கித்தான் ஆக வேண்டும். என் மாமியாருக்கு வளைவுக்கு வளைவு தலை சுற்றுகிறது.

காந்தல் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு இ-பாஸும் இல்லை, வரம்பும் இல்லை. நம் தெருக்களில் வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது. இரண்டுமே சாலையில்தான் நிற்கிறது.

காந்தல்வாசி
எங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டர்தான், அம்மா. வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பிப்ரவரியிலேயே வாடகைக்குடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் 'காட்டேஜ்' என்று பலகை மாட்டிவிட்டார். குடியிருந்த குடும்பத்தில் பத்தாம் வகுப்புப் பெண் இருக்கிறாள். பொதுத்தேர்வு நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லநள்ளி பக்கம் போய்விட்டார்கள். அங்கிருந்து தினமும் பஸ். ஸ்டாண்டுத் தம்பி சொல்கிற அறுவடையில் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை படி அளந்தார்கள்?

ஸ்டாண்டுக்காரன்
அது அநியாயம். ஆனால் அந்த வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர்தானே? அவரை விட்டுவிட்டுக் கோவை காரை ஏன் மறிக்கிறீர்கள்?

கேத்தி_காரட்
விவசாயி பேசலாமா? விடியலில் காரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போனால்தான் விலை. விளைபொருள் வண்டிக்கு விலக்கு உண்டு என்று உத்தரவு சொல்கிறது. விலக்குச் சீட்டு இருந்தால் முன்னால் நிற்கிற நூறு கார்களும் விலகிவிடுமா?

தண்ணீருக்கு வருகிறேன். ஊட்டிக்கு முக்கிய ஆதாரம் பார்சன்ஸ்வேலி. மார்லிமந்து, டைகர்ஹில், தொட்டபெட்டா என்று மற்ற அணைகள் சிறியவை. கோடையில் நீர்மட்டம் இறங்குகிற அதே மாதங்களில்தான் ஊரில் தலை எண்ணிக்கை கூடுகிறது. குழாய்த் தண்ணீர் விடும் நாளைத் தள்ளிப் போடுவது எங்களுக்கு. வெந்நீர்த் தொட்டியில் முங்கிக் குளிக்கிற விடுதிக்கு டேங்கர் போகிறது. டேங்கர் தண்ணீரும் இதே மலையின் தண்ணீர்தான், வானத்திலிருந்து தனியாக இறங்குவதில்லை. கார்களை எண்ணுகிற நீதிமன்றம் இந்தத் தொட்டிகளையும் எண்ணினால் கும்பிடுவேன்.

கோவைக்காரி
எங்கள் அறையில் வாளியும் குவளையும்தான் இருந்தன, ஐயா.

மூஞ்சிக்கல்
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சண்டையைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. எங்களுக்கு வத்தலக்குண்டிலிருந்து வருகிற சாலையும் பழனியிலிருந்து வருகிற சாலையும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுகின்றன. அங்கிருந்து ஊருக்கு அந்த ஒரே சாலைதான். போதாததற்கு நடுவில் வெள்ளி அருவி. வளைவிலேயே காரை ஓரங்கட்டிக் குடும்பத்தோடு இறங்கி நிற்பார்கள், பின்னால் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு ரோடு சந்திப்புக்கு நடந்து போனால் காரை முந்திவிடலாம். நான் முந்தியிருக்கிறேன், கையில் கேஸ் அடுப்போடு.

எங்களுக்கு 2025இல் வைத்த வரம்பு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. அந்த எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். சாவடியைத் தாண்டிய வண்டி எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. 4,000 கார்களில் பாதி அங்கே வந்து இடம் தேடினாலே ஊர் முடிந்தது. 2,000 என்று குறைத்தாலும் அவ்வளவும் பகல் 11 மணிக்கு ஏரிக்கரையில்தான் இருக்கும். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பஸ்ஸில், டாக்சியில் சுற்றட்டும். 10,000 பேர் கூடுதலாக வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

குன்னூர்த்_தோட்டம்
இது நியாயமாகப் படுகிறது. மலைச்சாலை பழகாதவர்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கி, டயர் புகைய நிற்பதும் குறையும். 'இரண்டாம் கியரில் இறங்கவும்' என்று வளைவுக்கு வளைவு பலகை வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்.

கோவைக்காரி
கைக்குழந்தை, மூட்டுவலி உள்ள பாட்டி, நான்கு பெட்டிகள். இவற்றோடு மலையடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கச் சொல்கிறீர்கள். அறை வாசல் வரை கொண்டுபோய் விட ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

ஸ்டாண்டுக்காரன்
இதைத்தான் நான் முதலிலிருந்தே...

காந்தல்வாசி
சொல்லவில்லை. முதலிலிருந்து இ-பாஸே வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். இப்போது வெளியூர் கார் கீழே நின்றால் சவாரி முழுவதும் உங்களுக்கு என்றதும் கட்சி மாறுகிறீர்கள். மாறுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஊருக்குள் ஓடும் டாக்சிக்கு மீட்டர் வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து காந்தலுக்கு நீங்கள் கேட்கிற கூலிக்கு என் ஸ்கூட்டருக்கு ஒரு வாரப் பெட்ரோல் போடலாம்.

ஸ்டாண்டுக்காரன்
மேட்டில் ஏறும்போது முதல் கியரில் குடிக்கிற டீசலை எந்த மீட்டர் காட்டும்? திரும்பும்போது காலியாக வருகிறேனே, அந்தக் காசை யார் தருவார்? சமவெளியில் ஓடுகிற மீட்டரைக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட முடியாது. கிளட்ச் தட்டு மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் உங்கள் ஸ்கூட்டரை விற்க வேண்டியிருக்கும்.

மூஞ்சிக்கல்
மீட்டர் வேண்டாம், இடத்துக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி ஸ்டாண்டில் மாட்டுங்கள். சீசனுக்கும் அதே தொகை, மழைக்கும் அதே தொகை.

கோவைக்காரி
அப்படி மாட்டினால் நான் காரைக் கீழேயே விடத் தயார். சோதித்துப் பார்ப்போம். ஸ்டாண்டு அண்ணன், சேரிங் கிராஸிலிருந்து தொட்டபெட்டா போய்த் திரும்ப எவ்வளவு?

ஸ்டாண்டுக்காரன்
எத்தனை பேர்? எந்தக் கிழமை?