திண்ணைக்கு முன்னால் உள்ள சாய்ப்புக்கு என்ன பெயர்?

கேள்வி (வாய்க்கால் மேற்கு): புதுச்சேரி வைசியாள் வீதியில், திண்ணைகளுக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று வீதியோரமாக வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்கிறது. அதன் பெயர் என்ன? சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு முறையிலும் இருப்பது ஏன்?

மறுமொழி (முற்றத்து நிழல்): அது தாழ்வாரம். திண்ணை வீட்டுக்கு வந்தவர் அமர்வதற்கு. தாழ்வாரமோ, அந்த வீட்டுக்குத் தொடர்பே இல்லாத வழிப்போக்கரும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நிற்பதற்கென்று வீட்டுக்காரர் தம் செலவில் வீதிக்குத் தந்த நிழல்.

மறுமொழி (சுண்ணாம்புச் சுவர்): மாடியைப் பற்றிச் சொல்வதானால், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை அவசியம் பாருங்கள். கீழே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்களும், மேலே சுண்ணாம்புப் பூச்சுடன் கூடிய ஐரோப்பியத் தூண்களும் ஒரே வீட்டில் நிற்கின்றன. குடும்ப வாழ்க்கையும் வழிபாடும் கீழே பழைய முறையில் தொடர, புதிய ரசனைக்கு மாடி இடம் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி (பழைய வீட்டுக்காரர்): வைசியாள் வீதியின் சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தை வண்டி நிறுத்துவதற்காக இடித்துவிட்டோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.