வீடு வாங்குகிறவர் பக்கம் நிற்பவருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்காவில் வீடு வாங்கப்போகும் என் தங்கை மகனுக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன், மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். அங்கே ‘பையர்ஸ் ஏஜென்ட்’ என்று ஒருவர், வாங்குகிறவருக்காக மட்டும் வேலை செய்பவர். விற்கிறவருக்குத் தனியாக ‘லிஸ்டிங் ஏஜென்ட்’. தேசிய ரியல்டர்கள் சங்கம் ஒரு வழக்கில் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், சங்க உறுப்பினரான ஏஜென்ட் வீட்டைச் சுற்றிக்காட்டும் முன்பே வாங்குகிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், தன் கமிஷன் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றால் அது ‘டூயல் ஏஜென்ஸி’. ஃபுளோரிடா, கொலராடோ போன்ற சில மாநிலங்களில் அதற்கு அனுமதியே கிடையாது.

இவர்கள் எல்லாருக்கும் ‘தரகர்’ என்றே போட்டால் பையன் தப்பாகத்தான் புரிந்துகொள்வான். நம்மூர் தரகர் யாருடைய ஆளும் இல்லை, பேரத்தின் ஆள். அழகாபுரத்தில் மனை பார்த்தபோது “36 லட்சம் சொல்லுங்க, படியவில்லை என்றால் 38 வரை போகலாம்” என்று தரகரிடம் நம்பிச் சொன்னேன். விற்கிறவர் 38ஐ விட்டு அசையவே இல்லை! கிரயம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் வாங்கிய அதே 2 சதவீதத்தை அவரிடமும் வாங்கியிருக்கிறார். கேட்டால் “வழக்கம்தானே சார்” என்கிறார். வழக்கம்தான்.

‘என் சார்பாகப் பேசினார்’ என்கிறோம் இல்லையா, அதை வைத்து என் யோசனை: வாங்குவோர் சார்பாளர், விற்போர் சார்பாளர், இருசார்பாளர். ‘இரட்டை முகவர்’ மட்டும் வேண்டாம், உளவாளி மாதிரி இருக்கிறது.

*

ஏற்காட்டிலிருந்து மறுமொழி:

ஐயா, சார்பாளர் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பத்திரம் பதியப் போகிற இடமே சார்பதிவாளர் அலுவலகம். சார்பாளர், சார்பதிவாளர் இரண்டையும் ஒரே பக்கத்தில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதுவும் போக, சார்பு என்றால் இன்று பாதிப் பேருக்கு ஓரவஞ்சனைதான் ஞாபகம் வரும்.

‘முகவர்’ என்பதைக் கைவிட வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182ஆவது பிரிவு சொல்கிற ஏஜென்ட்டை முகவர் என்றுதான் எழுதிவருகிறோம். அவரை அமர்த்தியவர் ‘முதல்வர்’, அந்தச் சொல்லைக் கோட்டைக்கு விட்டுவிட்டோம், அது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ஒருவர் சார்பில் பேசுகிறவரையும் இரண்டு பேரைச் சும்மா அறிமுகப்படுத்துகிறவரையும் ஒரே ஏஜென்ட் விளக்கத்துக்குள் அடக்கிவிடுகிறது. அதனால் முகவர் என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கம் என்று தெரியாது. கோர்ட்டில் ‘வாதி தரப்பு வக்கீல்’ என்பது போல ‘வாங்குவோர் தரப்பு முகவர்’ என்று வைக்கலாமே? நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்க ஆள் வரமாட்டார்கள்.

இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் நிற்பது நமக்குத் தெரியாதது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1981இல் சேலத்தில் சேகோசர்வ் வந்ததே ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் வியாபாரிகளிடம் தனித்தனியாக மாட்டிக்கொள்ளாமல் கூட்டுறவாக விற்கத்தானே?

*

ஆத்தூரிலிருந்து மறுமொழி:

தரப்பு முகவர் எனக்கும் சரி. ஆனால் அதையே நீட்டி ‘இருதரப்பு முகவர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இருதரப்புப் பேச்சுவார்த்தை என்று செய்தியில் கேட்டுக் கேட்டு அது நல்ல வார்த்தையாகிவிட்டது, ஆபத்தே தெரியாது.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் தொட்டது ஒரே தரகர், இரண்டு விலையும் அவருக்கு மட்டுமே தெரியும். டூயல் ஏஜென்ஸி அதுதான். ‘இருகைத் தரகு’ என்று வையுங்கள், சந்தைக்குப் போன எவருக்கும் புரியும்.

*

முதலில் எழுதியவரின் பதில்:

சார்பாளரைத் திரும்பப் பெறுகிறேன், சேகோசர்வ் விஷயத்தில் வாங்கிய குட்டும் சரிதான். தரப்பு முகவர், இருகைத் தரகு இரண்டையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன். பையன் சந்தைக்குப் போனதில்லை, அவனுக்கு மட்டும் துண்டு விவரத்தை ஒரு வரி எழுத வேண்டும்.

ஒன்று பாக்கி இருந்தது. ஃபுளோரிடாவில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, அங்கே வேலை பார்ப்பவரை ‘டிரான்ஸாக்‌ஷன் புரோக்கர்’ என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், அவர் எந்தத் தரப்புக்கும் முழு ஆள் இல்லை. இவருக்குப் புதுச் சொல்லே தேவையில்லை, தரகர்தான். ஒரே வித்தியாசம், வாங்குகிறவர் எழுதிக் கொடுத்த விலைக்கு மேலும் போவார் என்பதை, அவர் எழுத்தில் அனுமதி தராமல் அந்தத் தரகர் விற்கிறவரிடம் சொல்லக்கூடாதாம். படித்ததும் அந்த 38 லட்சம்தான் ஞாபகம் வந்தது.