சாட்ஸ்வர்த் மாளிகை கேவண்டிஷ் குடும்பத்தின் கையை விட்டுப் போகாதது எப்படி?

ஏட்டுச்சுவடி:

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வர்த் மாளிகை பற்றி ஒரு கேள்வி. சர் வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் (ஹார்ட்விக் பெஸ் என்று வரலாற்றில் பேர் வாங்கிய அதே அம்மாள்) 1549-ல் 600 பவுண்டுக்கு வாங்கிய இடம். 1618-ல் எர்ல், 1694-ல் டியூக் என்று குடும்பத்தின் பட்டம் உயர்ந்துகொண்டே போனது. வீடு இன்றும் அவர்களிடமே. எனக்குப் பிடிபடாதது 1950. அந்த நவம்பரில் பத்தாவது டெவன்ஷயர் டியூக் இறக்கிறார், சொத்து மதிப்பில் 80 சதவீதம் மரண வரி விழுகிறது. நூற்றில் எண்பதைக் கொடுத்துவிட்டு இவ்வளவு பெரிய வீட்டை எப்படிக் காப்பாற்ற முடிந்தது? அதற்கு முந்தைய நானூறு ஆண்டுகளில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஏன் சிதறவில்லை? இன்றைக்குச் சட்டப்படி அது யாருடையது? ஆண்டு, தொகையோடு சொன்னால் நல்லது. கூரை, பராமரிப்பு பற்றித் தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

பத்திரப்பெட்டி:

பாகப்பிரிவினைக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

பட்டம் வேறு, நிலம் வேறு. பட்டம் அரச சாசனப்படி முறையாகப் பிறந்த ஆண் வாரிசுகளில் மூத்த கிளைக்குப் போகும். அதை விற்க முடியாது, உயில் எழுதித் திருப்பவும் முடியாது. நிலத்துக்கும் வீட்டுக்கும் அப்படி ஒரு சாசனம் கிடையாது. இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்றால் தலைமுறைதோறும் பத்திரம் எழுதியாக வேண்டும். ஆரம்பத்திலேயே இது தடம் புரண்டிருக்கும்: 1608-ல் பெஸ் இறந்ததும் சாட்ஸ்வர்த் மூத்த மகன் ஹென்றிக்குப் போனது, அவர் அதைத் தம்பி வில்லியமுக்கு விற்றார். அந்த வில்லியம்தான் முதல் எர்ல். வாங்கியவர் வெளியாளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆங்கிலேய நிலவுடைமைக் குடும்பங்கள் பிடித்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு ஸ்ட்ரிக்ட் செட்டில்மென்ட் என்று பெயர். நடைமுறை இதுதான். தந்தைக்கு ஆயுள் உரிமை மட்டும்: குத்தகைப் பணம், வாடகை எல்லாம் அவருக்கு, விற்கும் அதிகாரம் இல்லை. அவருக்குப் பின் முழு உரிமை மூத்த மகனுக்கு. மகனுக்கு 21 வயது ஆனதும் தந்தையும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கட்டை அவிழ்க்கலாம். ஆபத்தான கட்டம் இதுவே. அந்த வயதில் மகன் கையில் காசு இருக்காது; தந்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று படி தருவதாகச் சொல்வார்; பதிலுக்கு மகன் தன் உரிமையையும் வெறும் ஆயுள் உரிமையாகக் குறைத்துக்கொண்டு, இன்னும் பிறக்காத தன் மகனுக்கு மிச்சத்தை எழுதித் தருவார். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு ஒரு முறை இதே சடங்கு திரும்ப நடக்கும். ஒரு தலைமுறையில் மகன் மறுத்துவிட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். பெரும்பாலும் மறுப்பதில்லை, படிக்காசு அப்படிப்பட்டது.

அதே பத்திரத்தில் விதவைக்கு ஆண்டுத்தொகை, இளைய பிள்ளைகளுக்குப் பங்குத்தொகை எல்லாம் நிலத்தின் மேல் பாரமாக ஏற்றப்படும். நிலம் பிரியாது, ஆனால் பங்குத்தொகை கொடுக்க அடமானம் வைப்பார்கள், அது அடைபடும் முன் அடுத்த தலைமுறையின் பாரம் வந்து உட்காரும். பெயருக்கு லட்சம் ஏக்கர், கையில் வட்டி போக ஒன்றுமில்லை என்று பல குடும்பங்கள் தத்தளித்தது இதனால்தான். 1870-களின் கடைசியில் தானிய விலை சரிந்து குத்தகைப் பணம் குறைந்தபோது இந்தக் கட்டுமானத்தைத் தாங்க முடியவில்லை. 1882-ல் வந்த சட்டம் ஆயுள் உரிமைக்காரருக்கே நிலத்தை விற்கும் அதிகாரம் கொடுத்தது. பணம் அவர் பைக்குப் போகாமல் டிரஸ்டிகளிடம் போக வேண்டும். பிரதான மாளிகையை விற்க டிரஸ்டிகள் அல்லது நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். பரம்பரைப் பொருள்களுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும். 

கேவண்டிஷ் விஷயத்தில் ஏற்பாடு உண்மையாகவே சோதிக்கப்பட்ட ஆண்டுகள் 1858, 1908. ஆறாவது டியூக் மணமாகாமல் இறந்தபோது பட்டமும் சொத்தும் சித்தப்பா கிளைக்கு ஒன்றாகவே போயின; எட்டாவது டியூக்குக்கு வாரிசு இல்லாதபோது தம்பி மகனுக்கு. பத்திரம் சரியாக இல்லாத குடும்பங்களில் இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒருவருக்குப் பட்டமும் இன்னொருவருக்கு வீடும் போய்ச் சேரும்.

வரிக்கணக்கு:

1950-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது முதல் அடி இல்லை. எஸ்டேட் டியூட்டி என்ற இந்த மரண வரி 1894-ல் வந்தது, அப்போது உச்ச விகிதமே 8 சதவீதம். 1908-ல் இந்தக் குடும்பத்துக்கு அரை மில்லியன் பவுண்டுக்கு மேல் வரி விழுந்தது. அதோடு ஏழாவது டியூக் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரத் தொழில்களில் போட்ட முதலீட்டின் கடன் வேறு. அதை அடைக்கத்தான் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்ட 25 நூல்களும் ஷேக்ஸ்பியரின் ஆரம்பப் பதிப்புகளும் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்துக்குப் போயின. லண்டனில் பிக்கடில்லியில் இருந்த டெவன்ஷயர் ஹவுஸ் விற்கப்பட்டு 1924-ல் இடிக்கப்பட்டது. சிஸ்விக் மாளிகை 1929-ல் விற்கப்பட்டது.

இப்போது 1950. 1946 வரை ஒருவர் தானம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு உயிரோடு இருந்தால் அந்தச் சொத்துக்கு மரண வரி இல்லை. 1946-ல் அந்தக் காலம் ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. அதே 1946-ல்தான் பத்தாவது டியூக் சொத்தைச் சாட்ஸ்வர்த் செட்டில்மென்ட் என்ற டிரஸ்டுக்கு மாற்றினார். மூத்த மகன் வில்லியம் 1944 செப்டம்பரில் பெல்ஜியத்தில் போரில் இறந்துவிட்டதால் வாரிசு இளைய மகன் ஆண்ட்ரூ. 1949-ல் உச்ச விகிதம் 75-லிருந்து 80 சதவீதம் ஆனது. 1950 நவம்பர் 26-ல் டியூக் 55 வயதில் திடீரென்று இறந்தார். கெடு முடியச் சில மாதங்களே பாக்கி. பழைய மூன்றாண்டு விதியே நீடித்திருந்தால் அந்த மாற்றம் எப்போதோ வரிக்கு அப்பால் போயிருக்கும். கெடுவுக்கு அருகில் வந்தவருக்கு வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழக்கமும் அன்று இல்லை. ஒரு நாள் குறைந்தாலும் முழு வரி.

எப்படிக் கட்டினார்கள்? நிலம் பல்லாயிரம் ஏக்கர் விற்றார்கள். பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹாலை வரிக்குப் பதிலாக 1956-ல் அரசுக்குக் கொடுத்தார்கள், 1959-ல் அது நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. மெம்லிங்கின் டோன் மும்மடிப்பு ஓவியம் நேஷனல் கேலரிக்கு. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றியின் பெரிய மாதிரிப் படம் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரிக்கு. க்ளோட் லொரேன் தன் ஓவியங்களுக்குப் பதிவேடாக வைத்திருந்த சித்திரத் தொகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. வரித்துறையோடு பேசி முடிக்கவே 17 ஆண்டு, அதுவரை வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

எண்பதைக் கொடுத்துவிட்டு எப்படி என்ற உங்கள் கேள்விக்கு என் கணிப்பு: வரி இறந்த நாளின் மதிப்பில் விழுந்தது. கட்ட எடுத்துக்கொண்ட காலத்தில் விவசாய நிலத்தின் விலை ஏறியது. தாமதம் அவர்களுக்குச் சாதகம். உடனே எல்லாவற்றையும் ஏலம் விட்டிருந்தால் இன்று சாட்ஸ்வர்த் ஒரு அருங்காட்சியகம். அப்படி ஒரு யோசனை பேச்சிலும் இருந்தது.

இன்றைய நிலை: சொத்தின் பெரும்பகுதி அதே செட்டில்மென்ட் டிரஸ்டிகளிடம். வீடு, அதன் முக்கியப் பொருள்கள், தோட்டம், சுற்றுப்புறம் என மொத்தம் 1,822 ஏக்கரை 1981-ல் சாட்ஸ்வர்த் ஹவுஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், ஆண்டு வாடகை 1 பவுண்டு. அறக்கட்டளைக்கு மூலதனம் சேர்க்கப் பூசனின் ஓவியம் உட்படச் சில கலைப்பொருள்கள் விற்கப்பட்டன. டியூக் குடும்பம் தாங்கள் வசிக்கும் பகுதிக்கு அறக்கட்டளையிடம் வாடகை கட்டுகிறது. ஆகவே டியூக் இறந்தால் வீடு அவர் சொத்துக் கணக்கில் வராது.

ஏட்டுச்சுவடி:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். ஒரு துணைக் கேள்வி: இதே நிலைமை இன்று வேறொரு குடும்பத்துக்கு வந்தால் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது?

வரிக்கணக்கு:

சுருக்கமாக. விகிதம் இப்போது 40 சதவீதம். தானத்துக்குக் கெடு ஏழு ஆண்டு, மூன்று ஆண்டு தாண்டினால் வரி படிப்படியாகக் குறையும். ஆனால் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே இலவசமாகக் குடியிருந்தால் 1986 முதல் அது தானமாகவே கருதப்படாது. சந்தை வாடகை கட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான், முதல் ஓரிரு ஆண்டு கட்டிவிட்டுப் பிறகு நிறுத்திவிடுவார்கள்.

கட்டடமோ கலைப்பொருளோ தேசிய முக்கியத்துவம் உள்ளதென்று ஏற்கப்பட்டால் நிபந்தனையோடு வரிவிலக்கு கிடைக்கும். பராமரிக்க வேண்டும், பொதுமக்களைக் குறிப்பிட்ட நாள்கள் உள்ளே விட வேண்டும். விற்ற அன்று வரி திரும்ப வந்து நிற்கும்.

மூன்றாவது, பொருளாகவே வரி கட்டுவது. 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள ஓவியத்தைச் சந்தையில் விற்றால் 4 லட்சம் வரி போக 6 லட்சம் மிஞ்சும். அரசுக்கே கொடுத்தால் அந்த 6 லட்சத்தோடு, வரியான 4 லட்சத்தில் கால் பங்கு, அதாவது 1 லட்சம் சேர்த்து 7 லட்சத்துக்கு வரி கழியும். விலை மதிப்பீட்டில் இழுபறி வரும், அவசரத்துக்கு உதவாது.

ஈயக்கூரை:

பத்திரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மழை உள்ளே வந்தால் வீடு போச்சு. சாட்ஸ்வர்த்தின் கூரைப் பரப்பு 1.3 ஏக்கர்.

இத்தகைய வீடுகளின் தட்டைக் கூரையில் பெரும்பாலும் ஈயத் தகடுதான். ஈயம் வெயிலில் நன்றாக விரியும்: 3 மீட்டர் தகடு 60 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் நகரும். அதனால் தகட்டைச் சிறிதாக வெட்டி, பக்கவாட்டில் மர உருளையின் மேல் மடித்து, நீளவாட்டில் படி வைத்து இறக்குவார்கள். மேல் விளிம்பில் மட்டும் செம்பு ஆணி. கீழ் விளிம்பு நகர இடம் வேண்டும். நான்கு பக்கமும் ஆணி அடித்தாலோ தகடு நீளமாக இருந்தாலோ சில ஆண்டுகளில் நடுவில் முண்டு எழுந்து அதன் முதுகில் விரிசல் விடும். விரிசலைச் சாதாரணப் பற்றாசு வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி பிளக்கும். ஈயத்தையே உருக்கி ஒட்ட வேண்டும், அதையும் மரக் கூரையின் மேல் வைத்துச் செய்யாமல் தகட்டைக் கழற்றிச் செய்வது உத்தமம். பெரிய மாளிகைகளில் தீ விபத்து கூரை வேலையின்போது தொடங்கியது பல முறை நடந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கேடு தகட்டின் அடிப்பக்கம். உள்ளே இருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து அடியில் நீராகப் படியும், ஓக் மரத்தின் அமிலமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று ஓட வழி விட்டால்தான் இது அடங்கும். மழைநீர் வாய்க்காலில் இலை அடைத்தால் தண்ணீர் நேரே கூரை உத்தரத்தின் முனையில் ஏறும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுப்புப் பூஞ்சை பிடிக்கும். இலை உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை சுத்தம் செய்வதை விட மலிவான வைத்தியம் இல்லை.

உள்ளே துணிக்கும் திரைச்சீலைக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதம். அறையைச் சூடாக்குவது ஆளுக்காக அல்ல, ஈரப்பதத்துக்காக. கருவி ஈரப்பதத்தைப் பார்த்து ஹீட்டரை இயக்கும். அந்துப்பூச்சி பிடித்த கம்பளத்தைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்தால் முட்டையும் சாகும். வீட்டு ஃப்ரீசர் அளவான மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரித்துவிடக் கூடாது, அறை வெப்பத்துக்கு வந்த பின்தான். இல்லையென்றால் பனிநீர் துணியில் இறங்கும்.

2018-ல் முடிந்த பெரிய புதுப்பிப்புக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவானது.

பத்திரப்பெட்டி:

ஈயக்கூரை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எதை விட்டுவிடுவது என்று முடிவெடுத்ததும் இந்த வீட்டின் வரலாற்றில் முக்கியம். தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன் ஆறாவது டியூக்குக்காக 1836-ல் தொடங்கிக் கட்டிய, செடி வளர்க்கும் பெரிய கண்ணாடி மாளிகை 277 அடி நீளம், 123 அடி அகலம். எட்டுக் கொதிகலன், ஏழு மைல் இரும்புக் குழாய்; நிலக்கரி நிலத்தடித் தண்டவாளத்தில் உள்ளே வரும், புகை வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. முதல் உலகப்போரில் நிலக்கரி இல்லை, ஆள் இல்லை, செடிகள் செத்தன. 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே பாக்ஸ்டன் 1844-ல் அமைத்த எம்பரர் நீரூற்று இன்றும் ஓடுகிறது, ஏனென்றால் அதற்கு எரிபொருளே வேண்டாம்: வீட்டுக்கு மேல் சுமார் 350 அடி உயரத்தில் எட்டு ஏக்கர் ஏரி, அங்கிருந்து குழாயில் இறங்கும் அழுத்தம் மட்டுமே. 296 அடி வரை எழும்பியதாகப் பதிவு. அந்த நீரிலேயே 1893-ல் டர்பைன் வைத்து வீட்டுக்கு மின்சாரமும் எடுத்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் எடுத்த முடிவும் இதே ரகம். வீட்டைப் படை எடுத்துக்கொள்ளும் முன் பத்தாவது டியூக் அதைப் பென்ரோஸ் கல்லூரி என்ற பெண்கள் பள்ளிக்குக் கொடுத்தார். சிப்பாய்கள் தங்கிய பல மாளிகைகள் போருக்குப் பின் இடிக்கும் நிலையில் கிடந்தன. இங்கே பட்டுச் சுவர்களை மூடி, ஓவியங்களை எடுத்து வைத்து, பெரிய அறைகளில் மாணவிகளுக்குக் கட்டில் போட்டார்கள். 1946-ல் பள்ளி கிளம்பியபோது வீடு உருப்படியாக இருந்தது, 1949-ல் பார்வையாளர்களுக்குத் திறக்கவும் முடிந்தது.