பழைய ஈகோ வேன் வாங்கலாமா? அடியில் ‘டக்’ சத்தம்

கேள்வி: 2014 மாடல் மாருதி ஈகோ, சிஎன்ஜி. முதல் கியரில் கிளட்ச் விடும்போது அடியில் ஒரு ‘டக்’. கூலன்ட்டும் குறைவாக இருந்தது. எதெதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: பின்சக்கர டிரைவ் வண்டி, முதல் சந்தேகம் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின்சக்கரப் பக்கம் கொண்டுபோகும் நீளத் தண்டு) யூஜே கிராஸ்தான், அதாவது அந்தத் தண்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்க. கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால் மாற்றணும். கழற்றும் முன் ஃப்ளேஞ்சிலும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டுப் பூட்டும் தட்டு) ஷாஃப்ட்டிலும் பெயின்ட் கோடு போடச் சொல்லுங்க. இடம் மாறிப் பூட்டினால் வேகத்தில் அதிரும். கிராஸில் ஆட்டம் இல்லாமல் இறுக்கமா இருந்தால் டிஃபரென்ஷியல் (பின் அச்சில் இருக்கும் கியர் தொகுதி) பக்கம் பாருங்க, அது செலவு.

பதில் 2: கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) லேசா விடாதீங்க. இன்ஜின் ஆறியதும் முன் சீட்டைத் தூக்கி, வாட்டர் பம்ப், ஹோஸ் கிளாம்ப் ஓரம் உப்புப் பூத்திருக்கான்னு பாருங்க. ஆயில் மூடியில் மோர் மாதிரி படிந்து, கூலன்ட்டும் குறைஞ்சால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும்னு சந்தேகம், வண்டியை வாங்காதீங்க. ரேடியேட்டர் முன்னாடி, இன்ஜின் சீட்டுக்கடியில். குழாய் நீளம், காற்று தங்கும். கூலன்ட்டை மெதுவா ஊற்றி, ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விட்டு, ஆறினதும் மறுபடி நிரப்பணும்.

பதில் 1 (மீண்டும்): இதில் டைமிங் பெல்ட்தான் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்), செயின் இல்லை; அதை மாற்றும் செலவும் உண்டு. சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டர் தாங்குமான்னு பார்க்கும் சோதனை). சான்றிதழ் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.